ஒரே கோப்புறையில் மூன்று சங்கம்

என் அருமை மச்சாள் ஜெசிக்கு,

நீ போய் ஒன்றரை வருடமாகிவிட்டது. இத்தனை நாளில் நான் உனக்கென்று செய்தது கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தியது மட்டும்தான். கொழும்பிலிருந்து வந்த திட்ட ஆலோசகர் என்னைப்போல் சோம்பேறி இல்லை. அவர் உன்னைப்பற்றி ஓர் அறிக்கையே எழுதினார். பதினொரு பக்கம், வழுவழுப்பான அட்டை. அட்டையில் ஒரு படகு. அது எங்கள் கடலில் ஓடுகிற படகே இல்லை, இணையத்தில் எங்கோ எடுத்த படம்.

ஏழாம் பக்கத்தில் நீ வருகிறாய். பெயர் இல்லை. "முறையான பயிற்சியற்ற முன்னைய உதவியாளரின் குறைபாடுள்ள நிரல்" என்று வருகிறாய். அந்த வரிக்குக் கீழே மூன்று கையெழுத்துகள் இருக்கின்றன. மூன்றாவது என்னுடையது.

அதை உன்னிடம் சொல்லத்தான் எழுதுகிறேன். ஊரும் வாசிக்கட்டும். ஊர் அந்த ஏழாம் பக்கத்தை வாசித்ததுதானே?

வாசிக்கிறவர்களுக்கு உன்னை யாரென்று சொல்ல வேண்டும். வன்னியிலிருந்து ஓடி வந்து புத்தளம் பக்கம் எத்தாளையில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. என் தம்பி அன்ரனுக்கு நீ மனைவியாக வந்தாய். வரும்போது ஒரு தையல் மெசினும், மூடி உடைந்த ஒரு பழைய மடிக்கணினியும் கொண்டுவந்தாய். கலியாணத்துக்கு முன் ஒரு தொலைபேசிக் கடையில் வேலை செய்தபோது, யாரோ கழித்துவிட்டதை நீ திருத்தி எடுத்தது. அதை வைத்துக்கொண்டு யாரிடமும் போகாமல் நீயே படித்தாய்.

நான் உன்னை மதிக்கவில்லை, ஜெசி. நீ கறியை அடுப்பில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாய். கறி அடிப்பிடிக்கும். "படிச்ச பிள்ளை எண்டு எடுத்தம். அடுப்புக்கும் உதவாது, அம்மிக்கும் உதவாது" என்று உனக்குக் கேட்கத்தான் சொல்வேன். நீ சட்டியைக் கழுவிக்கொண்டே சிரிப்பாய். ஒரு நாளாவது திருப்பிச் சொல்லியிருக்கலாமே?

மீனவர் சங்கத்தில் நான் கிளாக்கர். காற்று எச்சரிக்கை கொழும்பிலிருந்து சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வரும். நான் எழுத்துக்கூட்டி வாசித்து, ஒவ்வொரு படகுக்காரருக்கும் போன் எடுத்துச் சொல்வதற்குள் பாதிப்பேர் கடலில் இருப்பார்கள். நீ ஒரு நாள் எனக்குச் சோறு கொண்டுவந்தபோது அதைப் பார்த்தாய். அடுத்த மாதம், சங்கத்தின் மூலையில் தூசு பிடித்துக் கிடந்த பழைய கணினி தானாக எச்சரிக்கையை வாசித்து, எங்கள் கடல் வலயத்துக்கு உரியதை மட்டும் எடுத்து, தமிழில் எல்லோருடைய போனுக்கும் அனுப்பியது.

அது சும்மா வரவில்லை. அந்தக் கணினிக்கு ஆயத்தமாகக் கிடைத்த மென்பொருள் பொதிகளைப் போட்டால் தமிழ் எழுத்து ஓரிடத்திலும் கொம்பு ஓரிடத்திலும் நின்றது. ஆகவே நீ மூலநிரலை இறக்கி, ஒவ்வொன்றாக அந்த மெசினிலேயே கட்டினாய். திரையில் வரிவரியாக எழுத்து ஓடும். "இதென்ன எறும்பு ஊருற மாதிரி?" என்று கேட்டேன்.

"கட்டுப்படுது மச்சாள். கட்டேக்க துண்டுதுண்டா வாற சாமானெல்லாத்தையும் வைக்க அதுக்கு ஒரு இடம் வேணும். டெம்ப் எண்டு சொல்லுறது. தற்காலிகக் கோப்புறை. வேலை முடிய அதைத் துடைச்சுப்போட்டுப் போகவேணும்."

"வீட்டிலயும் அப்பிடித் துடைச்சா நல்லம்" என்றேன். அதுதான் என் அறிவு.

பிறகு உனக்கு டெங்கு வந்தது. எட்டு நாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "பட்டியலில புதுப் படகுகளைச் சேர்த்தீங்களோ?" என்று கேட்டாய். ஓம் என்று பொய் சொன்னேன்.

நீ போய் மூன்றாம் மாதம் ஒரு திட்டம் வந்தது. திட்டத்தோடு ஆலோசகர் வந்தார். வெள்ளை ஜீப், தலைக்கு மேல் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடி, கையில் தன்னுடைய தண்ணீர்ப் போத்தல். எங்கள் தேத்தண்ணீரைத் தொடவில்லை. எத்தாளைத் தண்ணீர் ஆலோசகர்களுக்கு ஒத்துவராது போலும். ஐந்து நிமிடம் உன் நிரலைப் பார்த்தார்.

"இத யாரு எழுதின?"

"எங்கட தம்பிட மனுசி, ஐயா. மோசம் போயிட்டா."

"ஓ, சொறி. ஹவுஸ்வைஃபா? ஆசைக்கு செஞ்சிருக்காங்க போல" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன், ஜெசி. கொழும்பு ஆள் சிரிக்கும்போது கூடச் சிரிக்காவிட்டால் மரியாதை இல்லை என்று நினைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் வாயை நானே கழுவ வேண்டும்போல் இருக்கிறது.

அவர் எல்லாவற்றையும் "நவீனப்படுத்தினார்". எங்கள் சங்கத்தோடு முந்தல் பக்கத்துச் சங்கம் ஒன்றையும், சிலாபத்துக்கு அப்பாலுள்ள சிங்களச் சங்கம் ஒன்றையும் அந்த ஒரே பழைய கணினியில் ஏற்றினார். மூன்று சங்கத்து மென்பொருளும் ஒவ்வொரு நாளும் புதிதாகக் கட்டப்பட வேண்டுமாம். ஏன் ஒவ்வொரு நாளும் என்று கேட்டேன். "அதுதான் இப்ப மொடர்ன் முறை அக்கா" என்றார். பேக்கரியில் காலைப் பாண் மாதிரி மென்பொருளும் தினமும் சுடச்சுட இறங்க வேண்டும் என்று எந்தப் படகுக்காரன் கேட்டான்?

நீ இருந்தபோது ஒரு புதுப் படகின் நம்பரைச் சேர்க்க, பட்டியலில் ஒரு வரி எழுதினால் போதும். அவர் அந்தப் பட்டியலையும் பொதிக்குள் பூட்டிவிட்டார். ஒரு நம்பர் சேர்க்க முழுப் பொதியையும் திரும்பக் கட்ட வேண்டும். நான் கட்டப் போனால், 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றுவிடும். அவருக்குப் போன் எடுத்தால் எப்போதும் ஒரே மருந்து.

"மெசின ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க அக்கா. சரியாயிடும்."

சரியாகிவிடும். அதுதான் வினை. ஓஃப் பண்ணி ஓன் பண்ணினால் மெசின் தானே கட்டிவிடும், நான் எழுதிய நம்பரும் ஏறிவிடும். நான் அவரைக் கெட்டிக்காரன் என்று நினைத்தேன்.

கடும் காற்று அடித்த அன்றும் அப்படித்தான். காலை ஒரு நம்பர் சேர்க்கப் போனேன், மறுத்தது. போன் எடுத்தேன். ஓஃப் பண்ணினேன், ஓன் பண்ணினேன். கொஞ்ச நேரத்தில் என் போனில் ஒரு குறுஞ்செய்தி சிங்களத்தில் வந்தது. ஏதோ போன் கம்பனி விளம்பரம் என்று அழித்தேன். பகல் பாணும் பருப்பும் சாப்பிட்டேன். கொழும்பிலிருந்து எங்கள் கடலுக்குக் கடும் காற்று என்று எச்சரிக்கை வந்தது பகல் பன்னிரண்டு மணிக்கு. எங்கள் படகுகள் வலைபோடப் போனது இரண்டு மணிக்கு. இடையில் ஒருவருடைய போனுக்கும் ஒன்றும் போகவில்லை. நான் அந்த எச்சரிக்கையைக் கண்ணால் பார்க்கவும் இல்லை. மெசின் பார்க்கும்தானே?

நாலு மணிக்குக் காற்று எழும்பியது. மற்றப் படகுகள் அடித்துப் பிடித்துக் கரை சேர்ந்துவிட்டன. மரியதாஸின் படகு கவிழ்ந்தது. அவரும் அவருடைய மச்சானும் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் கிடந்திருக்கிறார்கள். பொழுது சாயும் நேரம் கற்பிட்டிப் படகொன்று கண்டு தூக்கியது. மச்சானுக்கு ஒன்றுமில்லை. மரியதாஸின் இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மீன்பிடிக்கப் போன மனிதனைக் கதவுப் பலகையில் வைத்து, மீனைப் போல ஈரமாகக் கரைக்குத் தூக்கி வந்தார்கள். அவருடைய மனைவி என் கையைப் பிடித்து, "ஏன் றீற்றாக்கா மெசேஜ் வரேல்லை?" என்று மட்டும் கேட்டாள்.

நாலாம் நாள் ஆலோசகர் விசாரணைக்கு வந்தார். வரும்போதே முடிவைக் கொண்டுவந்திருந்தார். எங்கள் தலைவர் நிஸ்தார் ஹாஜியார், நான், அவர் மூவரும் இருந்தோம்.

"பழைய கோட்ல ஒரு பிழை இருந்திருக்கு" என்றார்.

"எந்த எடத்துல?" என்று ஹாஜியார் கேட்டார்.

"அது டெக்னிக்கல், ஹாஜியார். சொன்னா வெளங்காது."

ஹாஜியார் நாற்பது வருடம் கடலில் நட்சத்திரம் பார்த்துப் படகு ஓட்டியவர். அவருக்கு விளங்காதாம். ஆனாலும் அவரும் வாயை மூடிக்கொண்டார். ஏனென்றால் ஆலோசகர் அடுத்த தாளை எடுத்து வைத்தார். காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மரியதாஸுக்குப் புதுப் படகு கேட்டு எழுதலாம், இல்லாவிட்டால் திட்டமே நின்றுவிடும் என்றார். நான் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அவர் என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, அன்பாகச் சொன்னார்.

"எறந்தவங்களுக்கு என்ன நட்டம் அக்கா? உசிரோட இருக்கிறவருக்கு ஒரு போட் கெடைக்கட்டுமே."

கையெழுத்துப் போட்டேன். படகுக்காகத்தான் போட்டேன் என்று உனக்குச் சொல்லலாம். அது பாதி உண்மைதான். மற்றப் பாதி, உள்ளுக்குள் எனக்கும் அப்படித் தோன்றியது. கறியை அடிப்பிடிக்க விடுகிறவளுக்குக் கணினியிலும் ஏதாவது பிழை விட்டிருக்கும் என்று. படகு இன்றுவரை வரவில்லை.

அன்ரன் அந்தத் தாளைச் சங்கத்து அறிவித்தல் பலகையில்தான் பார்த்தான். வீட்டுக்கு வந்து சத்தம் போடவில்லை. "அவள் இருக்கேக்கயும் உங்களுக்கு அவளில நம்பிக்கை இல்லை. செத்த பிறகும் இல்லை" என்றான். அதோடு என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டான். உப்பளத்துக்குப் போவான், வருவான், தன் சோற்றைத் தானே போட்டுக்கொள்வான்.

ஆறு வாரம் கழித்து இன்னொரு படகுக்காரர் தன் நம்பரை மாற்றினார். கட்டப் போனேன், மறுத்தது. அதே மருந்து. ஓஃப் பண்ணி ஓன் பண்ணிவிட்டு, குப்பை கூட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சிங்களத்தில் ஒரு குறுஞ்செய்தி. இந்த முறை அழிக்காமல் எழுத்துக்கூட்டினேன். "ஒக்கொம ஹரி" என்று இருந்தது. எல்லாம் சரியாம்.

ஒவ்வொரு முறை கட்டி முடிந்ததும் என் போனுக்கு "எத்தாளை. எல்லாம் சரி" என்று ஒரு சோதனைச் செய்தி வரும்படி வைத்தவள் நீ. அது தமிழில் வர வேண்டும். எங்கள் மெசினில் எங்கள் சங்கத்தின் பெயரில் வந்த செய்தி, ஏன் சிலாபத்துக்கு அப்பாலுள்ள சங்கத்தின் மொழியில் கதைக்கிறது? அன்று நான் விளம்பரம் என்று அழித்ததும் இதுதானே?

விளக்குமாறைப் போட்டுவிட்டுக் கணினிக்கு முன் உட்கார்ந்தேன். நீ எனக்குக் காட்டித்தந்தது கொஞ்சம்தான், நான் கேட்டது அதிலும் கொஞ்சம். தற்காலிகக் கோப்புறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியும். பார்த்தேன். 'பில்ட்' என்ற பெயரில் ஒரேயொரு கோப்புறை. உரிமையாளர் என்ற இடத்தில் மெசினின் தலைமைக் கணக்கு இருந்தது, அதாவது ஆலோசகர் கொழும்பிலிருந்து பாவிக்கிற கணக்கு. அதனால்தான் நான் கட்டப் போகும்போதெல்லாம் அனுமதி மறுத்தது. அவர் விட்டுப்போன குப்பையைத் துடைக்க எனக்கு உரிமை இல்லை.

உள்ளே பார்த்தேன். எத்தாளைக்கு உரிய கோப்புகள், முந்தலுக்கு உரியவை, சிங்களச் சங்கத்துக்கு உரியவை, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று. எல்லாம் ஒரே இரண்டு நிமிடத்துக்குள் எழுதப்பட்டவை.

பிறகு உன் பழைய கோப்புறையைத் திறந்தேன். அங்கே உன் நிரல் அப்படியே கிடந்தது. அதையும் அவர் மாற்றியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை வைத்து வாசித்தேன். உன்னுடையதில் மூன்று வரி கூடுதலாக இருந்தது. ஒவ்வொரு முறையும் யாரும் வைக்காத புதுப் பெயரில் ஒரு கோப்புறை செய், அதற்குள் மட்டும் வேலை செய், முடிந்ததும் அதை மட்டும் அழி. மேலே தமிழில் ஒரு குறிப்பு: "ஆளுக்கு ஆள் வேறு இடம். மற்றவனின் இடத்தைத் துடைக்காதே." ஆலோசகர் அந்த மூன்றையும் வெட்டிவிட்டு, எல்லோருக்கும் ஒரே 'பில்ட்' என்று எழுதியிருந்தார். பக்கத்தில் தன் குறிப்பையும் விட்டிருந்தார்: "தேவையற்ற சிக்கல் நீக்கப்பட்டது."

மற்ற நாளில் மூன்று சங்கத்தின் வேலையும் வேறு வேறு நேரத்தில் ஓடும். வருகிறவன் முன்னவனின் சாமானைத் துடைத்துவிட்டுத் தன்னுடையதை வைப்பான், மோதல் இல்லை. ஆனால் மெசினை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினால், எழும்பியவுடன் மூன்றும் ஒன்றாக ஓடும்படியும் அவரே எழுதியிருக்கிறார். மூன்று பேர் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் துடைத்தார்கள், வைத்தார்கள், மற்றவனுடையதை எடுத்தார்கள். எங்கள் பொதிக்குள் தெற்குக் கடலின் வலய எண் வந்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் கடலுக்கு வந்த எச்சரிக்கையை எங்கள் மெசின், இது நமக்கில்லை என்று விட்டுவிட்டது.

விளங்கிற்றா, ஜெசி? உனக்கு விளங்காமல் என்ன. அவர் தந்த மருந்துதான் நஞ்சு. அதை ஊற்றியது என் கை. அன்று காலை சுவிச்சைப் போட்டவள் நான்.

கணினியில் செருகியிருந்த போன் குச்சியைக் கழற்றிவிட்டு, யாருக்கும் செய்தி போகாதபடி, ஐந்து முறை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினேன். மூன்று முறை எங்கள் பொதிக்குள் வேறு ஊர் இருந்தது. உன் மூன்று வரியையும் திரும்பப் போட்டேன். இன்னும் ஐந்து முறை செய்தேன். ஐந்து முறையும் எத்தாளை.

ஆலோசகருக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, நீங்க கிளாக்கர். கிளாக்கர் வேலையப் பாருங்க" என்றார்.

ஹாஜியாரிடம் போய் எல்லாம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, என் போனை வாங்கி ஆலோசகரோடு பேசினார். "தம்பி, நீங்க வரத் தேவல்ல. நாங்க வாறோம். முப்பது பேர் ஈக்கிறோம். மீன் லொறியிலதான் வரணும், கொஞ்சம் மணக்கும், பரவால்லயா?"

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு ஆலோசகர் எத்தாளையில் நின்றார். சங்கத்துக்குள் இடமில்லை, யன்னலிலும் ஆட்கள். மரியதாஸை முச்சக்கரவண்டியில் கொண்டுவந்து, கதிரையில் இருத்தி, காலை இன்னொரு கதிரையில் வைத்திருந்தார்கள். அன்ரன் வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை.

நான் செய்து காட்டினேன். முதலில் அவருடைய நிரல். ஓஃப், ஓன். என் போனுக்கு வந்ததை உரத்து வாசித்தேன். "ஒக்கொம ஹரி." பின்னால் நின்ற ஒருவன், "ஹரி மஹத்தயா, ஹரி" என்றான், சரி ஐயா சரி என்று சிங்களத்திலேயே. கூட்டம் சிரித்தது. ஆலோசகர் சிரிக்கவில்லை. பிறகு உன் மூன்று வரி. ஓஃப், ஓன். "எத்தாளை. எல்லாம் சரி."

"இது ஒரு ரேர் கேஸ்" என்றார் ஆலோசகர். "ஒரே டைம்ல மூணும் ஓடினா மட்டும்தான் வரும். எல்லா சிஸ்டத்திலயும் இப்பிடி நடக்கும்."

மரியதாஸ் காலைக் காட்டினார். "அப்ப இது எந்தக் கேஸ், தம்பி?"

ஆலோசகர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். ஹாஜியார் அவரை விடவில்லை.

"எனக்கு டெக்னிக்கல் வெளங்காது. சாப்பாடு வெளங்கும். நாங்க ஆறு பேர் ஒரே சஹன் தட்டுல குந்தித் திங்கிறோம், ஒரு நாளும் சண்டை இல்ல. ஏன்? ஒருத்தன் கறி ஊத்துற நேரம் மத்தவன் சஹனக் கழுவ மாட்டான். அந்தப் புள்ள அது நடக்காம மூணு வரி எழுதி வச்சிருந்திச்சு. நீங்க அத வெட்டிட்டு, மவுத்தான புள்ளையில பழியப் போட்டீங்க. சரியா வெளங்கியிருக்கா எனக்கு?"

அவர் வாயிலிருந்து ஆங்கிலத்தில் இரண்டு சொல் வந்தது, அதுவும் பாதியில் நின்றது. எனக்கு அவரைப் பார்க்க இரக்கம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பிழை விட்டதற்காக அவரை நான் இகழவில்லை, ஜெசி. பிழை யாரும் விடுவார்கள். நீயும் விட்டிருக்கிறாய், விட்டால் சொல்வாய். திருப்பிப் பேச முடியாத ஒருத்தியைத் தேடிப் பிடித்து அவள் தலையில் வைத்தாரே, அதற்குத்தான்.

அவர் ஜீப்பில் ஏறினார். அடுத்த மாதம் ஓர் அறிக்கை வந்தது, இரண்டாவது. "ஆலோசகரின் மேம்பாட்டினால் தற்காலிகக் கோப்புறைகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன" என்று அதில் இருக்கிறது. உன் மூன்று வரியும் இப்போது அவருடையது. மன்னிப்பு என்ற சொல்லை முதற்பக்கம் தொடங்கிக் கடைசிவரை தேடினேன். நன்றியுரை இருந்தது, தேநீர் தந்தவர்களுக்கு. அவர் குடிக்காத தேநீர்.

ஹாஜியாரும் நானும் எங்கள் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். திட்டம் எங்களை விட்டுப் போனது. திட்டத்தின் முத்திரை ஒட்டிய கதிரைகளையும் அச்சு மெசினையும் லொறியில் ஏற்றிப் போனார்கள். பழைய கணினியை மட்டும் விட்டுவிட்டார்கள். அது குப்பை என்று நினைத்திருப்பார்கள். அதில் இப்போது உன் நிரல் ஓடுகிறது, உன் குறிப்போடு.

ஏழாம் பக்கம் இன்னும் மாறவில்லை. மாதம் ஒரு தடவை புத்தளத்துக்குப் போய்த் திட்டக் கந்தோரில் உத்தியோகத்தரிடம் கேட்கிறேன். கோப்பு மூடியாயிற்று என்கிறார்கள். மூடின கோப்பைத் திறக்க எந்த ஓஃப், எந்த ஓன் என்று கேட்டேன். அந்த உத்தியோகத்தருக்கு விளங்கவில்லை.

மரியதாஸிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். அன்று காலை மெசினை நிறுத்திப் போட்டது நான், வந்த செய்தியை வாசிக்காமல் அழித்ததும் நான் என்று. அவர் முறிந்த காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"தெரியும் அக்கா. நீங்கள் அண்டைக்குக் கூட்டத்தில காட்டேக்கயே விளங்கிச்சு. எப்ப சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை கைத்தடியோடு சங்கத்துக்கு வந்து உட்கார்ந்தார். கடலுக்குப் போக முடியாத மனிதர், இப்போது எச்சரிக்கை வந்தால் மெசினை நம்பாமல் முதலில் தன் கண்ணால் வாசிக்கிறார். நல்ல சிங்களம் தெரியும் அவருக்கு. இரண்டு பேரும் வாசித்து, செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகுதான் நான் தேத்தண்ணீர் ஊற்றுகிறேன்.

அன்ரன் கதைக்கத் தொடங்கிவிட்டான். பெரிதாக ஒன்றுமில்லை. போன கிழமை என் சோற்றுக் கோப்பையைப் பார்த்து, "மீன் கருகிப்போச்சு அக்கா" என்றான். ஓம், கருகித்தான் போயிருந்தது. நான் கணினிக்கு முன் இருந்துவிட்டேன். இரண்டு பேரும் அதைச் சாப்பிட்டோம்.

இன்னும் ஒரு செய்தி. நேற்றுக் கரைத்தீவிலிருந்து ஒரு பெண் வந்தார். வடக்கிலிருந்து வந்து அங்கே குடியிருக்கிற குடும்பம், கணவர் களப்பில் தொழில் செய்கிறாராம். அங்கேயும் ஒரு பழைய கணினி கிடக்கிறதாம், அங்குள்ள படகுகளுக்கும் இதைச் செய்து தர முடியுமா என்று கேட்டார். நேரமெடுக்கும், மூலநிரலிலிருந்து ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டும் என்றேன். பரவாயில்லை என்றார். நான் திரையில் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் யார் ஒங்களுக்குப் படிச்சித் தந்த?"

"என்ட மச்சாள்."

"அப்ப சனிக்கிழமை வரக்குள்ள அவவயும் கூட்டிட்டு வாங்களேன். பகல் சாப்பாடு நம்ம வீட்டுல."

அவருக்குத் தெரியாது. எனக்குச் சொல்லவும் வாய் வரவில்லை. சரி, கூட்டிக்கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டேன்.

சொன்னால் சொன்னதுதான், ஜெசி. சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு நிற்பேன். உன் நிரலை ஒரு வரி விடாமல் கொண்டுபோவேன். அந்த மெசினில் முதலாவதாக உன் முழுப்பெயரை எழுதிவிட்டுத்தான் கட்டத் தொடங்குவேன். கட்டி முடிந்து, கரைத்தீவு என்று சோதனைச் செய்தி வரும்வரை எழும்பமாட்டேன். பிறகு சாப்பிட இருக்கும்போது, நீ யாரென்று அவருக்குச் சொல்வேன்.

நீ உயிரோடு இருந்தபோது உன்னை நம்பாத, இப்போது உன் வரிகளை விரல் வைத்து வாசிக்கிற,
உன் மச்சாள் றீற்றா,
எத்தாளை.